84 சலான்களும் ஒரு தவறான எண்ணும்

2017 ஜனவரியில், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் சேர வேண்டியவர்களின் சம்பள வரம்பு 15,000 ரூபாயிலிருந்து 21,000 ரூபாய்க்கு உயர்ந்தது. அதுவரை 9 பேருக்கு மட்டுமே சந்தா கட்டிவந்த எங்கள் பட்டறையில் ஒரே மாதத்தில் 23 பேர் சேர்ந்தார்கள். கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் தலையில் அந்த வேலை விழுந்தது. 2023 டிசம்பர் வரை, மாதம் ஒன்றாக 84 சலான்கள் போட்டேன். அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

பணம் கட்டுவதில் பெரிய சூட்சுமம் கிடையாது. 2019 ஜூலைக்கு முன்பு முதலாளி பங்கு 4.75 சதவீதம், தொழிலாளி பங்கு 1.75 சதவீதம். பிறகு அவை 3.25 ஆகவும் 0.75 ஆகவும் குறைந்தன. 16,000 ரூபாய் சம்பளத்துக்கு 120 ரூபாய் பிடித்தம், எங்கள் பங்கு 520 ரூபாய். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். முதலாளிகள் எல்லோருக்கும் இந்த 15-ஆம் தேதி மட்டும் மனப்பாடம். அதோடு கடமை முடிந்தது என்றே நானும் நினைத்திருந்தேன்.

இ.எஸ்.ஐ. இணையதளத்தில் மாதாமாதம் ஏற்றும் பட்டியலில், கோளாறு பண வரிசையில் வருவதில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் ‘நாட்கள்’ வரிசையில் வருகிறது.

எங்கள் லேத் தொழிலாளி ஒருவர், அப்பாவின் வைத்தியத்துக்காக ஊருக்குப் போய் வந்ததால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டில் சரியாக 80 நாட்கள்தான் வேலை பார்த்திருந்தார். பிப்ரவரியில் அவருக்கே மஞ்சள் காமாலை. மருத்துவச் சான்றோடு நோய்க்கால உதவித்தொகை கேட்டுப் போனார். சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும் தொகை அது. ஆனால் முந்தைய அரையாண்டில் 78 நாட்களுக்குச் சந்தா இருக்க வேண்டும். அவர் கணக்கில் 71 நாட்கள்தான் இருந்தன.

“மாதாமாதம் பிடித்தீர்களே அண்ணே, அதெல்லாம் எங்கே போனது?” என்று மேசைக்கு எதிரே நின்று கேட்டார். கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. வருகைப் பதிவேட்டை விரித்தேன். ஜூன் மாதம் 21 நாட்கள். நான் ஏற்றியிருந்தது 12. சந்தா சம்பளத்தின் மீது கணக்கிடப்படுவதால் தொகை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. எண் இடம் மாறியதைக் காட்டிக்கொடுக்க எதுவுமே இல்லை.

வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல் இரண்டின் நகல்களோடு கிளை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துத் திருத்தினோம். பணம் வந்தது. அதற்குள் அவர் கைக்கடன் வாங்கிவிட்டார். அந்தக் கடனுக்கான வட்டியை நான்தான் கொடுத்திருக்க வேண்டும்; வாங்க மறுத்துவிட்டார்.

இதே போன்ற இன்னொரு பொறி உண்டு. ஒருவருக்கு 0 நாள் என்று போட்டால் இணையதளம் காரணம் கேட்கும். அவசரத்தில் ‘விடுப்பு’ என்பதற்குப் பதில் ‘வேலையை விட்டார்’ என்பதைத் தொட்டுவிட்டால், அடுத்த மாதப் பட்டியலில் ஆளே இருக்க மாட்டார்.

சம்பள உயர்வு விஷயத்தில் எங்கள் முதலாளியோடு ஆண்டுதோறும் வாக்குவாதம் நடக்கும். மே மாதம் ஒருவர் 21,000 ரூபாயைத் தாண்டினால் உடனே பெயரை எடுத்துவிடச் சொல்வார். எடுக்கக் கூடாது, அந்த அரையாண்டு முடியும் செப்டம்பர் வரை கட்டியே ஆக வேண்டும். அந்த ஆண்டுகளில் ஓவர்டைம் கூலியை வரம்புக்குக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், சந்தாவுக்குச் சேர்ப்பார்கள். இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு தீபாவளிகள் ஆயின.

புதிதாகச் சேர்பவரை 10 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. ‘நிலைத்து நிற்கிறாரா பார்ப்போம்’ என்று தள்ளிப்போடும் பட்டறைகள் நிறைய. முதல் வாரத்திலேயே விரல் நசுங்கினால் என்ன செய்வார்களோ!

காமாலைக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சலான் போடுவதற்கு முன் நாட்கள் வரிசையை மட்டும் அச்செடுத்து, வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுவேன். முதல் ஆளாக வந்து நிற்பவர் அந்த லேத் தொழிலாளிதான். கிரீஸ் விரலைத் தாளில் வைத்துத் தன் பெயரைத் தேடுவார். 26 என்றிருந்தால் பேசாமல் போய்விடுவார். ஒருமுறை 25 என்றிருந்தது. அவர் சொன்னது சரி, அது 26-தான்.