செம்பனைக் காட்டில் ஆறு வருடம் உடுத்திய சட்டைகள்

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து கோல சிலாங்கூர் பக்கம் போக எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். விடிவதற்குள் தோட்டத்து வாசலில் நிற்க வேண்டும் என்றால் நாலரைக்கே காடியைக் கிளப்பியாக வேண்டும். 2019இல் இருந்து மாதம் ஒரு முறை, சில மாதம் இரண்டு முறை, மாமாவோடு காட்டுப்பன்றி வேட்டைக்கு இப்படிப் போய் வருகிறேன். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மட்டும் போகவில்லை. துப்பாக்கியும் அதற்கான போலீஸ் உரிமமும் மாமாவுடையவை. காட்டுப்பன்றிக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் கொடுக்கும் உரிமமும் அவர் பெயரில்தான். தடம் பார்ப்பது, தண்ணீர் சுமப்பது, விழுந்ததை இழுத்து வருவது என் வேலை. சுடுகிறவரைவிடக் கூட வருகிறவனுக்கு நடையும் காத்திருப்பும் அதிகம். ஒரு சட்டை நல்லதா கெட்டதா என்று அந்த மணி நேரங்களில் உடம்பே சொல்லிவிடும்.

இந்த ஆறு வருடத்தில் நான்கு சட்டை மாற்றிவிட்டேன். 'வெயில் தேசத்துக்கான வேட்டைச் சட்டை' என்று வெளிநாட்டுக்காரர்கள் காட்டுவதைப் பார்த்து வாங்கப்போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் பேசும் வெயில் பெரும்பாலும் வறண்ட வெயில். வியர்வை வந்த வேகத்தில் காயும். அங்கே பருத்திச் சட்டை வரம்தான். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் காய, உடம்பு குளிரும். நம் ஊர்ச் செம்பனைக் காட்டில் காலை ஏழு மணிக்குக் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கிறது. வெயில் ஏறி 33 டிகிரி ஆனாலும் மட்டைகளுக்கு அடியில் காற்று அசையாது. உடம்பைக் குளிர்விப்பது வியர்வை வடிவது இல்லை, வியர்வை ஆவியாவது. ஆவியாகவே வழியில்லாத இடத்தில், சட்டை எவ்வளவு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது என்பதுதான் கேள்வி.

முதல் சட்டை எல்லோரையும் போலப் பருத்திதான். வீட்டில் இருந்த பழைய கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. எட்டு மணிக்குள் முதுகு நனைந்துவிடும், பத்து மணிக்குப் பிழிந்தால் சொட்டும். அக்குளும் தோளும் உரசி உரசிச் சிவந்து, திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது சட்டை பட்டாலே எரியும். துணியில் சத்தம் இல்லை என்பது ஒன்றுதான் அதன் நல்ல குணம். மாமா இன்றைக்கும் பருத்தியைத்தான் மெச்சுவார். 'நாப்பது வருசமா இதுதான்லா போடுறேன், எனக்கு ஒன்னும் ஆகல' என்பார். அவர் நிழலில் அசையாமல் உட்காருகிறவர், நான் நடக்கிறவன். அந்த வித்தியாசம் எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இரண்டாவது சட்டையைப் பசார் மாலாமில் வாங்கினேன். பழுப்பும் பச்சையுமாக இலை அச்சடித்த முழு பாலியஸ்டர், 35 வெள்ளி. வேட்டைக்காரன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்த காலம் அது. அந்தச் சட்டை உடம்பில் இருந்த ஒரு காலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2020 பிப்ரவரி. வெட்டிய மட்டைகளை வரிசைக்கு வரிசை அடுக்கி வைத்திருப்பார்களே, அப்படி ஓர் அடுக்குக்குப் பின்னால் பன்றி புரண்ட சேற்றுக் குழி இருந்தது. விளிம்பில் குளம்புத் தடம் புதிதாகத் தெரிந்ததால் குனிந்து விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா இரண்டு வரிசை தள்ளிப் போகிறார் என்பது என் கணக்கு. அவரோ பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு என் பக்கவாட்டில் வந்திருக்கிறார். மட்டை இடுக்கில் பழுப்பாக ஏதோ அசைவது தெரிந்திருக்கிறது. துப்பாக்கி தோளுக்கு ஏறிவிட்டது. என் இடுப்பில் தொங்கிய தண்ணீர்ப் போத்தலின் நீல மூடி கண்ணில் பட்டதால்தான் இறக்கினேன் என்று பிறகு சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்து, இரண்டு தோட்டாவையும் கழற்றிப் பைக்குள் போட்டார். போடும்போது விரல்கள் நடுங்கின. அன்றைக்கு வேட்டை அதோடு முடிந்தது. வீடு திரும்பும் வரை வானொலியைக்கூடப் போடவில்லை.

பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்டுவிட்ட செய்தி நம் நாட்டில் அவ்வப்போது வருகிறது. அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், கூட்டாளிகள் கண்ணில் இருந்து உங்களை மறைக்கும் சட்டையைப் போடாதீர்கள். அந்த மறைப்பு பன்றிக்கு முன்னால் அவசியமும் இல்லை. பன்றியின் கண்ணில் நிறம் பிரிக்கும் உணர்விகள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. ஆரஞ்சும் சிவப்பும் அதற்குப் பச்சை, பழுப்போடு கலந்து மங்கலாகத்தான் தெரியும். நீலம்தான் தனித்துத் தெரியும். தோளிலும் தொப்பியிலும் பளிச்சென்ற ஆரஞ்சுப் பட்டை இருந்தால் மனிதனுக்கு நூறு அடியிலேயே தெரியும், பன்றிக்கு அது ஒரு விஷயமே இல்லை. அதற்கு ஆயுதம் மூக்கும் காதும்தான். அசையாமல் நின்றால் பன்றி சில சமயம் ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும். காற்று அதன் பக்கம் திரும்பினால் நீங்கள் எந்த அச்சுச் சட்டை போட்டிருந்தாலும் ஓடிவிடும். அந்த இலைச்சட்டைக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. பாலியஸ்டரில் வியர்வை வாடை பருத்தியைவிடச் சீக்கிரம் ஏறும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. மூன்று மாதத்தில் அலமாரியைத் திறந்தாலே நாறியது. மூக்கை நம்பி வாழும் பிராணியைத் தேடிப் போகிறவனுக்கு அது ஆகவே ஆகாது.

அப்புறம் சௌக்கிட் பக்கம் ஒரு பண்டல் கடையில் மூன்றாவது சட்டை கிடைத்தது. யாரோ உடுத்தி விட்ட ஜப்பான் மீன்பிடிச் சட்டை, முழு நைலான், மங்கிய பாசி நிறம், முதுகில் காற்றுப் போக மடிப்பு. 15 வெள்ளி. இதுதான் எனக்குப் பாடம் சொன்ன சட்டை. வாங்கிய அன்றே அம்மா பலகார மாவு நிறுக்கும் தராசில் அதையும் பழைய பருத்திச் சட்டையையும் வைத்துப் பார்த்தேன். காய்ந்த நிலையில் பருத்தி 260 கிராம், நைலான் 170. இரண்டையும் நனைத்துக் கையால் இறுக்கிப் பிழிந்த பிறகு பருத்தி 500ஐத் தாண்டியது, நைலான் 230தான். அஞ்சடி நடைபாதையின் நிழலில் மாட்டினேன். நைலான் இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது. பருத்தியைச் சாயங்காலம் எடுக்கும்போதும் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் சில்லென்று இருந்தன. இழையின் குணம் அப்படி. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 8 விழுக்காடு ஈரத்தைப் பிடித்து வைக்கும், நைலான் 4 விழுக்காடு, பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை.

இரண்டரை வருடம் அதைத்தான் உடுத்தினேன். நடக்கும்போது அதற்கு ஈடே இல்லை. ஆற்றைக் கடந்து கரையேறினால் அரைமணியில் உடம்பிலேயே காய்ந்துவிடும். செம்பனை மட்டையின் முள் மாட்டினாலும் கட்டம் கட்டமாகத் தடித்த நூல் வைத்து நெய்த துணி என்பதால் கிழிசல் ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். குறை இரண்டு. ஒன்று சத்தம். காய்ந்த மட்டையில் கை உரசினால் சரசரவென்று கேட்கும். 'என்னடா இது, மழைக்கோட்டு மாதிரி கத்துது' என்று மாமா முதல் நாளே சொல்லிவிட்டார். இன்னொன்று கொசு. சாயங்காலம் பரணில் உட்காரும்போது மெல்லிய துணி முதுகோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தில் எல்லாம் கொசு துணிக்கு மேலேயே குத்தும்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். பகலில் டெங்கிக் கொசு, இருட்டும் நேரத்தில் மலேரியாக் கொசு. உள்ளூரில் பரவும் மனித மலேரியா 2018இல் நம் நாட்டில் பூச்சியத்துக்கு வந்தது உண்மை. ஆனால் குரங்குகளிடம் இருந்து கொசு வழியாக மனிதனுக்கு வரும் நோலசி மலேரியா இன்னும் இருக்கிறது. அதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும், அதனால் காய்ச்சல் வேகமாக முற்றும். நாங்கள் போகும் தோட்டத்து ஓரக் காட்டில் நீள வால் குரங்கும் குட்டை வால் குரங்கும் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. எவ்வளவு புழுங்கினாலும் கையை மடித்து விடாதீர்கள். வேட்டைக்குப் போய் வந்த பிறகு காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் காட்டுக்குப் போன விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சட்டைக்கு 0.5 விழுக்காடு பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்து, நன்றாகக் காய வைத்து உடுத்தினால் கொசுவும் உண்ணியும் குறையும். சில துவைப்பு வரை அது தாங்கும். வீட்டில் பூனை இருந்தால் தெளித்த துணி காயும் வரை அதை அண்ட விடக்கூடாது, பூனைக்கு அது விஷம்.

நான்காவதைக் கடையில் தேடி அலுத்துப்போய்த் தைக்கவே கொடுத்தேன். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் சீருடைக்கு விற்கும் டெரிகாட்டன், 65 பாலியஸ்டர் 35 பருத்தி, காய்ந்த புல்லும் மண்ணும் கலந்த மாதிரி நிறம். மஸ்ஜிட் இந்தியாவில் ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். கூலியோடு 80 வெள்ளி ஆனது. அவரிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். மார்பும் முதுகும் ஓர் அளவு பெரிதாக, துணிக்கும் உடம்புக்கும் நடுவே காற்று நிற்கிற மாதிரி. அக்குளில் தனித் துண்டு வைத்து, கையைத் தூக்கினால் சட்டை இடுப்பில் இருந்து மேலே ஏறாத மாதிரி. வால் பகுதி நீளமாக, கால்சட்டைக்குள் செருகினால் அட்டையும் உண்ணியும் உள்ளே ஏறாத மாதிரி. ஒட்டுப்பட்டை எங்கேயும் வேண்டாம், பிரிக்கும்போது கர்ரென்று கத்தும். வலது மார்பில் பையும் வேண்டாம் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, 'பேனா வைக்க வேணாமா தம்பி?' என்று கேட்டார். துப்பாக்கிக் கட்டை தோளுக்கு வரும்போது பையின் மூடியில் மாட்டும் என்பதைக் கையில் அளவுகோலைப் பிடித்து நடித்துக் காட்டியதும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். எப்போதாவது மாமாவும் அதே மாதிரி ஒன்று கேட்பார் என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்லி வைத்தேன்.

2022 நடுவில் இருந்து இதைத்தான் உடுத்துகிறேன். நைலான் அளவுக்குச் சீக்கிரம் காயாது, நிழலில் நான்கு மணி நேரம் பிடிக்கிறது. ஆனால் சத்தமே இல்லை. நெருக்கமான நெசவு என்பதால் கொசுக்கடி பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. வாடையும் இலைச்சட்டை அளவுக்கு ஏறவில்லை. நீண்ட நடை என்றால் இன்றைக்கும் நைலானையே எடுப்பேன், பரணில் காத்திருக்க வேண்டிய நாளில் டெரிகாட்டன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டெரிகாட்டனை வாங்குங்கள். இரண்டு தோளிலும் நானே நான்கு விரல் அகல ஆரஞ்சுத் துணி வைத்துத் தைத்திருக்கிறேன்.

துவைப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் அலச வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை இறுகிவிடும். பளிச்சென்று வெளுக்க வைக்கும் சவர்க்காரத்தூளைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பளிச்சு துணியில் தங்கி நீல ஒளியாகத்தான் வெளியே வரும், பன்றிக்கு நன்றாகத் தெரிகிற நிறமும் அதுதான். பன்றி ரத்தம் பட்ட சட்டையை நான் காசு போடும் டோபிக் கடைக்குக் கொண்டு போவதே இல்லை. அதே இயந்திரத்தில் முஸ்லிம் அண்டை வீட்டார் தொழுகைத் துணி போடுவார்கள், அவர்கள் மனம் நோகும் காரியத்தை நாம் தெரிந்தே செய்யக்கூடாது. வீட்டுக் கொல்லையில் தனி வாளி வைத்திருக்கிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021இல் சபாவில் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது. மனிதனை அது ஒன்றும் செய்யாது. ஆனால் சட்டையிலும் பூட்ஸிலும் ஒட்டிய ரத்தம் வழியாகப் பண்ணைப் பன்றிகளுக்குப் போய்ச் சேரும். தெரிந்த சீனர் ஒருவர் பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். வேட்டை முடிந்த கையோடு அவர் வாசல் பக்கம்கூடப் போகமாட்டேன். சட்டை பிளாஸ்டிக் பையில் கட்டியபடிதான் வீட்டுக்கு வரும்.

இப்போது அந்தச் சட்டையின் வலது முழங்கையில் ஒட்டுப் போட்டாகிவிட்டது. தண்ணீர்ப் பையின் வார் உரசி இடது தோள் பஞ்சு பஞ்சாக எழும்பியிருக்கிறது. மற்றபடி தையல் ஒன்றுகூட விடவில்லை. போன மாதம் அதே தையல்காரரிடம் இரண்டு சட்டைக்குத் துணி கொடுத்தேன். கழுத்துப்பட்டியை அரை அங்குலம் உயர்த்தச் சொல்லியிருக்கிறேன், தூக்கி விட்டால் பிடரியில் வெயில் படாமல் இருக்கும். இரண்டாவது சட்டை மாமாவின் அளவு. அதில் ஆரஞ்சுப் பட்டை தோளோடு நிற்காமல் முதுகுக்கும் வர வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.