கெட்டமினும் இஎம்டிஆரும் சேர்ந்த பேக்கேஜ்: ஒரே நேரத்தில் வேண்டாம், மறுநாள் என்றால் யோசிக்கலாம்

அமெரிக்காவில் கெட்டமின் கிளினிக்குகள் பலவும் இப்போது விற்கிற பேக்கேஜ் இது. விபத்து, போர், பாலியல் வன்முறை போன்றவற்றால் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பிறகும் தொடரும் மனப் பாதிப்பு) வந்தவர்களுக்கு கெட்டமின் என்ற மயக்க மருந்து சிறிய அளவில் சில முறை டிரிப்ஸாக, கூடவே கண் அசைவுச் சிகிச்சையான இஎம்டிஆர். விளம்பரத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் நடைமுறையில் மூன்று வகை உண்டு. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே கண் அசைவையும் செய்வது ஒன்று. டிரிப்ஸ் முடிந்து, மருந்தின் மயக்கம் முழுசாகத் தெளிந்த பிறகு, அடுத்த ஒன்றிரண்டு நாளில் செய்வது இன்னொன்று. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைத் தபாலில் அனுப்பிவிட்டு வீடியோ காலில் தெரபி நடத்துவது மூன்றாவது.

இந்த மூன்றில் இரண்டாவதைத்தான் பரிந்துரைக்க முடியும். அதையும் முதல் சிகிச்சையாக எடுக்க வேண்டியதில்லை. இஎம்டிஆரை மட்டும் ஒழுங்காகச் செய்து பார்த்தும் அந்த நினைவைத் தொட்டாலே தாங்க முடியாமல் பாதியில் நின்றுபோனவர்களுக்கும், கடுமையான மனச்சோர்வால் தெரபிக்கு வந்து உட்காரவே தெம்பில்லாதவர்களுக்கும் இது பொருந்தும்.

இஎம்டிஆரைப் பற்றி முதலில் சுருக்கமாக. ஃபிரான்சைன் ஷபீரோ என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய முறை. அவருடைய முதல் ஆய்வு வெளியானது 1989-இல். மொத்தம் எட்டுக் கட்டங்கள். வேலை செய்ய வேண்டிய நினைவைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே மோசமான காட்சி எது, அதைப் பார்க்கும்போது தன்னைப் பற்றி என்ன தோன்றுகிறது, உடம்பில் எங்கே இறுக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். வேதனை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். அதன் பிறகு தெரபிஸ்ட் இரண்டு விரலைக் கண்ணுக்கு முன்னால் இடமும் வலமுமாக அசைப்பார், அல்லது விளக்குப் பட்டையில் ஒரு புள்ளி ஓடும். போய்வருவது இருபத்து நாலு தடவை அளவில், அரை நிமிடம் போல. நிறுத்தி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, "இப்ப என்ன வருது?" என்று கேட்டு, வந்ததைப் பிடித்துக்கொண்டு அடுத்த சுற்று. வேதனை 0 அல்லது 1-க்கு இறங்கும்வரை இது போகும். கடைசியில், "நான் பிழைத்துவிட்டேன், அது முடிந்துபோனது" என்பது போன்ற ஒரு நம்பிக்கையை 1 முதல் 7 வரை அளந்து பதியவைப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைத்த சிகிச்சைகளில் இதுவும் ஒன்று.

கெட்டமின் 1962-இல் தயாரிக்கப்பட்டு, 1970-இல் அமெரிக்காவில் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. மனநலத்துக்குக் கொடுக்கும் வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிடத்தில் நரம்பு வழியாக. எழுபது கிலோ ஆளுக்கு 35 மில்லிகிராம். ஆபரேஷனுக்கு மயங்க வைக்கக் கிலோவுக்கு 1 முதல் 4.5 மில்லிகிராம் வரை போடுவார்கள். அதோடு ஒப்பிட்டால் இது சிறிய அளவுதான். ஆனாலும் ஆள் தன் உடம்பைவிட்டு விலகி மிதப்பது போல உணர இது போதும். பிடிஎஸ்டிக்கென்று கெட்டமினுக்கு அனுமதி கிடையாது. அதன் உறவுக்காரரான எஸ்கெட்டமின் மூக்கு ஸ்பிரே 2019-இல் பெற்ற அனுமதியும் மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்குத்தான்.

இரண்டையும் ஒரே மணி நேரத்தில் செய்வதில் உள்ள சிக்கல் கண்ணிலேயே ஆரம்பிக்கிறது. கெட்டமின் ஏறியவரின் கண்ணைக் கிட்டே போய்ப் பாருங்கள். கருவிழி ஒரு பக்கம் மெதுவாக நழுவும், வெடுக்கென்று திரும்பும், மறுபடி நழுவும். இது இந்த மருந்தின் தெரிந்த விளைவு. இரட்டையாகத் தெரிவதும் மங்கலாகத் தெரிவதும் சகஜம். ஓடுகிற புள்ளியை வழுக்கலாகப் பின்தொடரும் திறன் குறைந்து, கண் விட்டு விட்டுத் தாவும். இந்த நிலையில் தெரபிஸ்ட் விரலை ஆட்டினால் பின்தொடர முடியாமல் தலை சுற்றும். ஏற்கெனவே இருக்கிற குமட்டல் வாந்தியாகிவிடும். அனுபவம் உள்ளவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, கண்ணைக் கட்டிவிட்டு, இரண்டு உள்ளங்கையிலும் மாறி மாறி அதிரும் சிறு கருவியையோ, ஹெட்ஃபோனில் இடம் வலமாக மாறும் ஒலியையோ வைக்கிறார்கள். குமட்டல் குறையும். ஆனாலும் அடிப்படைப் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

இஎம்டிஆர் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. மனதில் பாதி பழைய நினைவில் இருக்க வேண்டும். மறுபாதி, இது இன்றைய தேதி, நான் இந்த அறையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறேன் என்ற உணர்வில் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது பாதியைத்தான் கெட்டமின் அவிழ்த்துவிடுகிறது. சாதாரண இஎம்டிஆரில் ஆள் விலகிப் போகிறார் என்று தெரிந்தால் தெரபிஸ்ட் உடனே நிறுத்தி, காலைத் தரையில் அழுத்தச் சொல்லி, அறையில் இருக்கும் பொருள்களைப் பெயர் சொல்ல வைத்துத் திரும்பக் கூட்டிவருவார். அப்படி நிறுத்த வேண்டிய நிலையையே மருந்து கொடுத்து வரவழைத்துவிட்டு, அதற்குள் நினைவைக் கிளறுவது முறைக்கே முரண். டிரிப்ஸ் நேரத்தில் தெரபிஸ்ட் பக்கத்தில் இருப்பது நல்லதுதான். கையைப் பிடித்துக்கொள்ளலாம், சொல்வதைக் குறித்து வைக்கலாம். கண் அசைவுச் சுற்றுக்கு அது நேரமில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்கு "இஎம்டிஆர் அமர்வு" என்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மறுநாள் செய்யும் முறைக்கு ஆதாரம் எங்கிருந்து வருகிறது? கெட்டமின் உடம்பில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று மணி நேரம் போதும். மிதப்பு அன்றைக்கே போய்விடும். மனச்சோர்வு குறைவது மட்டும் அதற்குப் பிறகும் நாள் கணக்கில் தெரிகிறது. விலங்கு ஆய்வுகளில் நரம்பு இணைப்புகள் புதிதாக முளைப்பதும் மருந்து போன பிறகுதான். தலை தெளிவாக இருக்கும், பயத்தின் பிடி தளர்ந்திருக்கும். நேற்றுவரை பேசவே முடியாத காட்சியை ஓரளவு நிதானமாகப் பார்க்க முடிகிற நேரம் அது.

அந்த நேரம் நீடிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 2021-இல் வெளியான ஒரு சோதனையில் நாள்பட்ட பிடிஎஸ்டி உள்ள 30 பேர் கலந்துகொண்டார்கள். இரண்டு வாரத்தில் ஆறு டிரிப்ஸ். கெட்டமின் பெற்றவர்களில் 67 சதவீதத்தினர் தேறினார்கள். ஒப்பீட்டுக்காக மிடசோலம் என்ற தூக்க மருந்து பெற்றவர்களில் 20 சதவீதம். ஆனால் தேறியவர்களிடம் அந்தப் பலன் மங்க ஆன காலத்தின் நடு அளவு 27.5 நாள். அடுத்து 2022-இல் படைவீரர்களும் முன்னாள் வீரர்களுமாக 158 பேரிடம் எட்டு டிரிப்ஸ் கொடுத்துப் பார்த்தபோது, பிடிஎஸ்டி அறிகுறிகளில் போலி மருந்தைவிட மேலான பலன் நிரூபணமாகவில்லை. அமெரிக்க முன்னாள் வீரர் நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இஎம்டிஆரை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. பிடிஎஸ்டிக்குக் கெட்டமின் வேண்டாம் என்ற பக்கம் மென்மையாகச் சாய்கிறது. இரண்டையும் சேர்ப்பது பற்றி இருப்பவை தனி நோயாளி விவரங்களும் சிறிய ஆய்வுகளும்தான். "நிரூபிக்கப்பட்ட இணைப்பு" என்று எந்த கிளினிக் எழுதினாலும் அது மிகை.

ஆக, மருந்து தருவது சுமார் நாலு வார அவகாசம். அதற்குள் எவ்வளவு தெரபி வேலை நடக்கிறது என்பதை வைத்துத்தான் பேக்கேஜை எடை போட வேண்டும். நல்ல பேக்கேஜ் இப்படி இருக்கும்: முதல் டிரிப்ஸுக்கு முன்பே இரண்டு முதல் நாலு அமர்வுகள். அதில் வரலாறு கேட்பது, நினைவுகளை வரிசைப்படுத்துவது, பதற்றம் ஏறினால் தன்னைத்தானே அமைதிப்படுத்தும் பயிற்சி. பிறகு வாரம் இரண்டு டிரிப்ஸ். ஒவ்வொன்றுக்கும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ 90 நிமிட இஎம்டிஆர். டிரிப்ஸ் எல்லாம் முடிந்த பிறகும் வாரம் ஒரு அமர்வாகக் குறைந்தது ஆறெட்டு வாரம். பல பேக்கேஜ்கள் கடைசி டிரிப்ஸோடு தெரபியையும் முடித்துவிடுகின்றன. பலன் மங்கத் தொடங்கும் நேரத்தில் கைவிடுவது அது. வாங்குவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

முன்தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும் இடங்களில் இன்னொரு ஆபத்து. விலகல் உணர்வு ஏற்கெனவே அதிகமாக உள்ளவர்களைக் கண்டுபிடிக்க டிஇஎஸ் என்ற 28 கேள்விப் பட்டியல் இருக்கிறது. சராசரி 30-ஐத் தாண்டினால் தீவிரமாக விசாரிக்க வேண்டும். அதைக் கேட்காமலே டிரிப்ஸ் போட்டால், எதிர்பாராத நினைவுகள் கட்டுக்கடங்காமல் மேலே வந்து, அடுத்த அமர்வுவரை நோயாளி வீட்டில் தனியாகத் திணறுவார்.

மறுநாள் முறையிலும் ஒரு பொறி உண்டு, தேர்ந்த தெரபிஸ்டுகளே சில சமயம் ஏமாறுவார்கள். வேதனை மதிப்பெண் 8-இல் இருந்து இரண்டே சுற்றில் 1-க்கு விழும். நினைவு கரைந்துவிட்டது என்று முடித்து அடுத்த நினைவுக்குத் தாவிவிடுவார்கள். உண்மையில் மருந்தின் மரத்த தன்மை இன்னும் மிச்சமிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வேதனை உண்மையிலேயே கரையும்போது காட்சி மாறும், புது எண்ணம் வரும், "அப்ப நான் சின்னப் பிள்ளை, என்ன செஞ்சிருக்க முடியும்" என்பது போல ஏதாவது நகரும். எண் மட்டும் இறங்கி, மற்றதெல்லாம் அப்படியே தட்டையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அதே நினைவை ஒரு வாரம் கழித்தும், கடைசி டிரிப்ஸ் முடிந்து நாலு வாரம் கழித்தும் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். பிசிஎல்-5 என்ற 20 கேள்விப் படிவம் இலவசம், மொத்தம் 80 மதிப்பெண். தொடக்கத்திலும் முடிவிலும் அதை நிரப்பச் சொல்லாத இடத்தில் பலன் எதை வைத்து அளக்கப்படுகிறது என்று கேளுங்கள்.

தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ அல்பிரசோலம், குளோனசிபாம் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவை கெட்டமினின் பலனையும் மழுங்கடிக்கலாம், இஎம்டிஆரில் உணர்வு மேலே வருவதையும் தடுக்கலாம். அதற்காகத் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரும் அபாயம் இருக்கிறது. மாத்திரை எழுதிய டாக்டரிடம் கேட்டு மெல்லக் குறைக்க வேண்டும்.

அறையில் இருக்க வேண்டியவை: பிரஷர் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர், ஆக்சிஜன் சிலிண்டர், மூச்சுப் பாதையைக் கையாளத் தெரிந்த ஒருவர். கெட்டமின் பிரஷரை ஏற்றும். ஆரம்பத்திலேயே 140/90-க்கு மேல் இருந்தால் அன்றைக்குத் தள்ளிப்போடுவதா என்று யோசிக்க வேண்டும். ரத்தக் குழாய் வீக்கம், மூளை ரத்தக் கசிவு, மனச்சிதைவு வரலாறு, கர்ப்பம் ஆகியவற்றை விசாரிக்காத இடத்தில் கை நீட்டாதீர்கள். குமட்டலுக்கு முன்கூட்டியே ஒண்டான்செட்ரான் கொடுப்பது நல்ல வழக்கம். கூட ஒருவர் வர வேண்டும். இரவு நன்றாகத் தூங்கி எழும்வரை வண்டி ஓட்டக் கூடாது. அதனால் மறுநாள் அமர்வைக் காலை எட்டு மணிக்குப் போடாமல் மதியத்துக்கு மேல் போடும் கிளினிக் நோயாளியை நினைத்துப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

தபால் மாத்திரையைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை, வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 அக்டோபரில் விடுத்த எச்சரிக்கையில், பிடிஎஸ்டிக்காக இப்படி வீட்டில் சாப்பிட்ட ஒருவருக்கு மூச்சு மந்தமானதைக் குறிப்பிட்டது. அவர் ரத்தத்தில் இருந்த கெட்டமின், மயக்க மருந்தாகக் கொடுக்கும்போது இருப்பதைப் போல இரு மடங்கு. வாய் வழியாகப் போகும் மருந்தில் எவ்வளவு ரத்தத்துக்குப் போகும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். மூச்சு மந்தமானால் வீடியோ காலில் இருக்கும் தெரபிஸ்டால் எதுவும் செய்ய முடியாது. வீட்டில் இருப்பு சேரச் சேரப் பழக்கமாகும் ஆபத்தும், அடிக்கடி சாப்பிட்டால் சிறுநீர்ப்பை புண்ணாகும் ஆபத்தும் தனி.

விலை: ஒரு டிரிப்ஸ் பொதுவாக 400 முதல் 800 டாலர். ஆறுக்கு 2,400 முதல் 4,800. பிடிஎஸ்டிக்கு இதை இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஏற்காது. இஎம்டிஆர் அப்படியில்லை, அது உளச்சிகிச்சைக் கணக்கில் வருவதால் பல பாலிசிகள் ஏற்கும். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக ரசீது போட்டால் அந்தப் பணமும் கைவிட்டுப் போகும். தெரபி அமர்வுகளுக்குத் தேதிவாரியாகத் தனி ரசீது வேண்டும் என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்குங்கள். தெரபிஸ்டின் பயிற்சியையும் அப்போதே கேட்கலாம்: அமெரிக்க இஎம்டிஆர் சங்கம் ஏற்கும் அடிப்படைப் பயிற்சி 20 மணி நேரப் பாடம், 20 மணி நேரச் செய்முறை, 10 மணி நேர ஆலோசனை. வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்தவர் விரலை ஆட்டினால் அதற்கு இந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நம்பிக்கையான இஎம்டிஆர் தெரபிஸ்ட் ஒருவர் இருந்தால், கிளினிக்கில் டிரிப்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கொடுத்த அளவு, பிரஷர், வந்த அனுபவம் எழுதிய தாளை வாங்கி மறுநாள் அவரிடம் கொண்டுபோவது இந்தப் பேக்கேஜைவிட மலிவு, பெரும்பாலும் தரமும் கூடுதல்.