கோத்தகிரி ஈரத்தில் இரண்டு கிட்டார்கள்: 17,500 ரூபாயும் 68,000 ரூபாயும்

என்னிடம் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்கள் உள்ளன. முதலாவதை 2018-ஆம் ஆண்டின் இறுதியில் 17,500 ரூபாய்க்கும், இரண்டாவதை 2021 பிப்ரவரியில் 68,000 ரூபாய்க்கும் கோயம்புத்தூரில் வாங்கிக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்தேன். இரண்டுமே 1954-இல் ஃபெண்டர் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அமைப்பைப் பின்பற்றியவை: மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்தச் சுருள்கள்), அவற்றில் எது ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும், பின்னாளில் சேர்ந்த ஐந்து நிலை சுவிட்ச், நட்டிலிருந்து (தலைப்பக்கத்தில் கம்பிகள் அமரும் பள்ளமிட்ட துண்டு) பிரிட்ஜ் (உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) வரை 25.5 அங்குலக் கம்பி நீளம். தயாரிப்பாளர்களின் பெயர்களை நான் குறிப்பிடப்போவதில்லை; கீழே சொல்லும் குறைகள் என் கைக்கு வந்த இரண்டு கருவிகளுக்கு உரியவை, அவற்றை ஒரு நிறுவனத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

கடையில் அரை மணி நேரம் வாசித்தபோது இரண்டுக்கும் இடையே 50,000 ரூபாய் வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஓர் ஐப்பசி மழையையும் ஒரு மாசி வறட்சியையும் அவை எங்கள் வீட்டில் கழிக்க வேண்டியிருந்தது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த மாதங்களில் மூடுபனி சன்னல் வழியே அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், தோல் பெல்ட்டிலும் ஷூவிலும் பூஞ்சை பூக்கும், அலமாரியில் வைத்திருக்கும் ஈரப்பதமானி நாள் முழுவதும் 80 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கும். அதே கருவி பிப்ரவரி நண்பகலில் 40-க்குக் கீழே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். கிட்டாரின் மரத்துக்கு 45 முதல் 55 விழுக்காடு வரையிலான ஈரப்பதமே உகந்தது என்பார்கள். எங்கள் ஊரில் அந்த அளவு, ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போகும் வழியில் வந்து போகிற அளவு மட்டுமே.

விலை குறைந்த கிட்டாரின் முதல் குறையை என் காதோ விரலோ கண்டுபிடிக்கவில்லை, ஸ்வெட்டர்தான் கண்டுபிடித்தது. 2019 பிப்ரவரியில் ஒரு காலை, குளிருக்குப் போட்டிருந்த கம்பளி ஸ்வெட்டரோடு வாசித்துக்கொண்டிருந்தபோது, அதன் இடது கையின் நூல் ஏழாவது ஃப்ரெட்டின் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) முனையில் மாட்டி இழுபட்டது. விளக்கொளியில் நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்துப் பகுதியை, சாய்த்துப் பார்த்தால், விரல்பலகையின் ஓரத்தில் ஃப்ரெட்டுகள் ஒவ்வொன்றும் அரிசி நொய்யளவுகூட இல்லாத அளவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. உலோகம் வளரவில்லை, மரம் சுருங்கியிருந்தது. மழைக்காலம் வந்ததும் மரம் உப்பி முனைகள் உள்ளே போய்விட்டன. மறு ஆண்டு பிப்ரவரியில் அதே இடத்தில் மறுபடியும் துருத்தின. வீணையில் மெட்டுகள் மெழுகின் மீது அமர்ந்திருப்பதால் தேவைப்படும்போது அவற்றைப் பெயர்த்து மறுபடி அமைக்கலாம்; கிட்டாரில் அவை மரத்தை அறுத்து இறக்கப்பட்டவை, ஆகவே அரத்தால் ராவுவது ஒன்றே வழி. அந்த வேலைக்கும் முழு செட்டப்புக்கும் (கம்பி உயரம், நெக் வளைவு முதலியவற்றைச் சரிசெய்யும் வேலை) சேர்த்து 2,000 ரூபாய் ஆனது. விலை கூடிய கிட்டாரின் ஃப்ரெட் முனைகள் தொழிற்சாலையிலேயே உருட்டி மழுக்கப்பட்டிருந்ததால், வறட்சியில் மரம் சுருங்கினாலும் கைக்கு உறுத்தல் தெரிவதில்லை. கொடுத்த கூடுதல் பணத்தில் நான் தயங்காமல் நியாயம் என்று சொல்லும் முதல் பகுதி இதுதான்.

விரல்பலகையின் மரத்தைப் பற்றி ஒரு சிறு விலகல். விலை குறைந்ததில் 'இந்தியன் லாரல்' என்று எழுதியிருந்தது; ஏதோ அயல்நாட்டு மரம் என்று எண்ணியிருந்தேன். அது முதுமலைக் காடுகளில் சாதாரணமாக நிற்கும் நம் கருமருதுதான். 2017 தொடக்கத்தில் ஈட்டி வகை மரங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததும் கிட்டார் நிறுவனங்கள் பல மாற்று மரங்களைத் தேடிப்போயின. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்த பிறகும் மாற்று மரங்கள் சந்தையில் நிலைத்துவிட்டன. ஆகவே, ஈட்டி இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு கிட்டாரைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. என் கருமருதுப் பலகை சற்று வறண்டு வெளிறும், ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். (நீலகிரித் தைலத்தையே தடவலாம் என்று அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் யோசனை சொன்னார். ஸ்டிக்கர் பசையைத் துடைக்க மட்டும் பயன்படுத்தினேன். ஒரு வாரம் கிட்டாருக்கே ஜலதோஷம் பிடித்தது போல் அறை மணத்தது.)

நெக் வளைவு விஷயத்தில் தவறு என்னுடையது. முதல் கிட்டாரைக் கோவை வெயிலில் செட்டப் செய்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 1.6 மில்லிமீட்டர் இருக்கும்படி வைத்து, மேட்டுப்பாளையம் வழியாக மலையேற்றிக் கொண்டுவந்தேன். மூன்று வாரத்தில் உயரம் 2 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள்ளே ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது என்ற விதியை அறிந்துகொண்டு, பிறகு நானே ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், சரிசெய்யப் பழகினேன். விலை கூடியதன் நெக் எல்லாப் பக்கமும் நன்றாகப் பூச்சிடப்பட்டது. நான்கு ஆண்டுகளில் இரண்டே முறைதான் டிரஸ் ராடைத் திருப்ப அதில் ஆலன் கீயை நுழைத்திருக்கிறேன்.

ஒலியைப் பற்றி இனி. விலை குறைந்ததன் பிக்கப்புகளில் செராமிக் காந்தம், விலை கூடியதில் அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் காந்தம்). முன்னதில் எஃகு முளைகளுக்கு அடியில் பட்டைக் காந்தம் ஒட்டப்பட்டிருக்கிறது, பின்னதில் முளைகளே காந்தங்கள். இந்த விளக்கத்தைப் படித்த பிறகு காதுக்கு வேறுபாடு கூடுதலாகவே கேட்கும் என்பதால், அக்கா மகனை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பத்து முறை ஊகித்தேன். சுத்தமான ஒலியில் எட்டு முறை சரியாகச் சொன்னேன்; ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரடாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றியதும் ஐந்துதான், அதாவது நாணயத்தைச் சுண்டிப்போட்டாலும் கிடைக்கும் விடை. ஞாயிறு ஆராதனையில் விலை குறைந்ததை எடுத்துச் சென்ற வாரங்களில் யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஆனால் இரைச்சல் வேறு கதை. காற்றும் மழையும் சேர்ந்தால் எங்கள் தெருவில் மின்சாரம் போகும், இன்வெர்ட்டர் ஓடும். எங்கள் வீட்டில் இருப்பது பழைய சதுர அலை இன்வெர்ட்டர். அது ஓடும்போது ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் தேனடை கலைந்தது போல் இரையும். விலை கூடிய கிட்டாரில் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, அதன் காந்த முனையும் மாற்றி வைக்கப்பட்டிருப்பதால், சுவிட்சை இரண்டாவது அல்லது நான்காவது நிலையில் வைத்ததும் இரண்டு சுருள்களின் இரைச்சலும் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. என் விலை குறைந்த கிட்டாரில் அந்த வசதி இல்லை. கார்த்திகை மாத மாலைகளில் எதைக் கையில் எடுக்கிறேன் என்பதை அல்நிகோவை விட இந்தச் சுற்றுத் திசையே முடிவு செய்கிறது. சில மலிவு மாடல்களிலும் இப்போது இது இருப்பதால், வாங்கும்போது கேட்டுப் பார்ப்பது நல்லது.

துரு மட்டும் விலையைப் பார்ப்பதில்லை. இரண்டாவது மழைக்காலத்திலேயே இரண்டு கிட்டார்களின் பிரிட்ஜ் திருகுகளும் ஒன்றுபோலப் பழுப்பேறின. சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வாசித்தபின் துடைக்கும் பழைய வேட்டித் துண்டும் இரண்டுக்கும் ஒரே அளவில்தான் உதவுகின்றன. விலை குறைந்ததில் சுருதி நிற்காமல் போனதற்கு கம்பியை முறுக்கும் ட்யூனர்களைத்தான் பழித்துக்கொண்டிருந்தேன், 2,800 ரூபாய் கொடுத்து மாற்றியும் ஆயிற்று. உண்மையான குற்றவாளி பிளாஸ்டிக் நட்டின் இறுக்கமான பள்ளங்கள். 900 ரூபாயில் எலும்பு நட்டு வைத்து, பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்ததும் சுருதி நின்றது. பிறகு கரகரத்த வால்யூம் குமிழுக்கும் சுவிட்சுக்குமாக 1,000 ரூபாய். ஆக மொத்தம் 6,700 ரூபாய் சேர்ந்து அந்தக் கிட்டாரின் அடக்கம் 24,200 ஆனது. ட்யூனர்களுக்குக் கொடுத்ததை வீண் என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் அக்கா மகன், "மாமா, அப்ப நான் எதை வாங்கறது?" என்று கேட்டான். வாரத்துக்கு நான்கு நாளாவது வாசிக்கிறவன் என்றால் விலை கூடியதை ஒரு நாள் வாங்கத்தான் வேண்டும், ஃப்ரெட் வேலைக்கும் நெக்குக்கும் கொடுக்கிற பணம் கையிலேயே தெரியும் என்றேன். அவன் வாரத்துக்கு ஒரு நாள்தான் வாசிக்கிறான். ஆகவே 20,000 ரூபாய்க்குள் ஒன்று வாங்கி, 3,000 ரூபாயை ஃப்ரெட்டுக்கும் நட்டுக்கும் எடுத்து வைக்கச் சொன்னேன். செட்டப்பை மட்டும் கோவையில் செய்துகொண்டு வராதே என்றும் சொன்னேன். அவனுடைய கிட்டார் இப்போது எங்கள் அலமாரியில், என்னுடைய இரண்டுக்கும் பக்கத்தில், பையைத் திறந்து போட்டபடி மூன்று வாரமாக மலைக்காற்றைப் பழகிக்கொண்டிருக்கிறது. இன்று காலை அளந்தேன், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் 1.9 மில்லிமீட்டர்; இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.