திருகோணமலை வளவுக்கு எந்தக் கோரை? பாப்பிரஸும் குடைக்கோரையும் ஊர்ப் பன்னும்

வீட்டில் நீர்த்தொட்டி கட்ட நினைப்பவர்களும், வளவின் ஈர மூலையைச் சேற்றுத் தோட்டமாக்க நினைப்பவர்களும் இங்கே பெரும்பாலும் மாரியில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். அப்போது எதை நட்டாலும் பச்சை பிடிக்கும். திருகோணமலையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடுகிறது. தாழ்ந்த மூலையில் தண்ணீர் நிற்கும், வெயிலும் மட்டாக இருக்கும். கோரையைச் சோதிப்பது அந்த மாதங்கள் அல்ல. வைகாசி கழிந்து கச்சான் எழும்பியபின் தென்மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட சூட்டுக்காற்று நாள் முழுக்க அடிக்கும், கிணறு இறங்கும், செப்டெம்பர் வரை ஒரு நல்ல மழையை நம்பியிருக்க முடியாது. அப்போதும் நிமிர்ந்து நிற்கிற கோரைதான் நம் ஊருக்கு ஏற்ற கோரை.

ஆகவே எந்தக் கோரையைப் பார்த்தாலும் நான் கேட்பவை இவைதான்: கச்சானில் தண்டு முறியாமல் நிற்குமா? ஓகஸ்டில் அது குடிக்கிற தண்ணீரை நம் கிணறு தாங்குமா? நம் வேலியைத் தாண்டிப் போய் அயலுக்கும் வாய்க்காலுக்கும் தொல்லையாகுமா? அழகு அதன் பிறகு.

ஒரு கூட்டத்தை முதலிலேயே தள்ளிவைத்துவிடலாம். அலங்காரக் கோரை என்று தேடினால் முதலில் கண்ணில் படுபவை கேரெக்ஸ் இனங்கள். பொன்னிற இலை, வெள்ளைக் கரை போட்ட இலை என்று படங்கள் ஆசை காட்டும். அந்தப் பேரினத்தில் சுமார் 2,000 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை குளிர்ந்த நாடுகளுக்கும் மிதமான நாடுகளுக்கும் உரியவை. நுவரெலியாவில் வீடு இருந்தால் முயன்று பார்க்கலாம். இரவிலும் வெக்கை தணியாத நம் ஜூன், ஜூலையில் அவை இளைத்தே போகும். நமக்கு வேண்டியவை பெரும்பாலும் சைப்பரஸ் என்ற வெப்பநாட்டுப் பேரினத்தில் இருக்கின்றன.

பாப்பிரஸா, குடைக்கோரையா?

பூங்கன்று விற்கிற இடங்களில் அதிகம் போட்டியிடுவது இவை இரண்டும்தான்.

பாப்பிரஸின் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எகிப்தியர் இதன் தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் வெள்ளைச் சோற்றைக் கீற்றுக் கீற்றாக எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்தித்தான் ஏடு செய்தார்கள். தென் சூடானின் சட் சதுப்பில் இன்றும் மைல் கணக்கில் காடாக நிற்கிறது. அங்கே 15 அடி வரை உயரும். தொட்டியில் வளர்த்தாலும் 6 முதல் 10 அடி போகும். உச்சியில் நூறுக்கும் மேற்பட்ட மெல்லிய பச்சை இழைகள் பந்துபோல் விரியும். மாலை வெயிலில் அந்தத் தலைகள் ஆடுவதைப் பார்த்தவர் யாரும் அதை வேண்டாம் என்று சொல்வது கடினம்.

ஆனால் அந்தத் தலைதான் இங்கே அதன் எதிரி. உயரமான தண்டின் நுனியில் முழுப் பாரமும் இருப்பதால் கச்சான் பிடித்து ஆட்ட ஆட்டத் தண்டு இடையில் மடியும். மடிந்த தண்டு பிறகு நிமிராது. அடியோடு வெட்ட வேண்டியதுதான். முறியாத தண்டுகளிலும் இழைகளின் நுனி கருகி வைக்கோல் நிறமாகும். உப்புவெளி, நிலாவெளி போன்ற திறந்த கடற்கரைப் பக்கங்களில், மதில் உயரத்துக்கு மேலே தலை நீட்டும் எந்தப் பாப்பிரஸும் இந்த அடியிலிருந்து தப்பாது. நகருக்குள் நாற்புறமும் கட்டடம் சூழ்ந்த முற்றம் இருக்கிறதா, காலை முதல் பிற்பகல் வரை வெயில் விழுகிறதா? அங்கே வைக்கலாம். நிழலில் வைத்துக் காற்றிலிருந்து காப்பாற்ற நினைப்பதும் பலன் தராது. வெயில் குறைந்தால் தண்டு மெலிந்து தானே சாய்ந்துவிடும்.

குடைக்கோரை இவ்வளவு கம்பீரமானதல்ல. மடகாஸ்கரும் கிழக்கு ஆபிரிக்காவும் அதன் தாயகம். 3 முதல் 5 அடி வளரும். உச்சியில் குடைக்கம்பிகள்போல் ஏறக்குறைய இருபது தட்டையான ஓலைகள் சுற்றி விரிந்திருக்கும்; நடுவில் பழுப்புப் பூக்கொத்து. பழைய வீடுகளின் கிணற்றடியிலும் விடுதி முற்றங்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாவிட்டாலும். தண்டு குட்டை, ஓலைகளுக்கு இடையே காற்றுப் புகுந்து போக இடம் உண்டு. கச்சானில் அசையும், சாயும், ஆனால் பாப்பிரஸ் மடிவதுபோல் கூட்டமாக மடியாது. ஓலை நுனி கருகத்தான் செய்யும். கருகிய தண்டை அடியில் வெட்டிவிட்டால் கிழங்கிலிருந்து புதுத் தண்டு வந்து இடத்தை நிரப்பிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. கோடையில் திறந்த தொட்டியின் மேற்பரப்பிலிருந்தே நாளொன்றுக்கு ஏறக்குறைய கால் அங்குலம் ஆவியாகும். அதில் பாப்பிரஸ் போன்ற பெருங்கோரை நின்றால், தண்டுகளும் இழைகளும் காற்றில் விடுகிற ஈரம் அதற்கு மேல். பாப்பிரஸ் காய்ந்த சேற்றைப் பொறுக்காது. வேர்க்கிழங்கு எப்போதும் நீரிலோ நல்ல சேற்றிலோ இருக்க வேண்டும். குடைக்கோரைக்கும் ஈரம் பிடிக்கும்தான். ஆனாலும் அது 4, 6 அங்குல நீரில் நிற்கும், வெறும் ஈரமண்ணிலும் நிற்கும், சில நாள் தவறினாலும் வாடி மீளும். கிணறு கையை விரிக்கிற ஓகஸ்டில் இந்தப் பொறுமைதான் பெரிய குணம்.

பெருக்குவதிலும் குடைக்கோரை எளிது. தலையை நாலு அங்குலத் தண்டோடு வெட்டி, ஓலைகளைப் பாதியாகக் கத்தரித்து, தலைகீழாக ஒரு கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டால் ஓலைக் கணுக்களிலிருந்து சில வாரங்களில் வேரும் குருத்தும் வரும். அயல்வீட்டில் ஒரு தலை கேட்டு வாங்கினால் போதும், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பாப்பிரஸில் இந்த வழி நம்பத்தக்கதல்ல; குருத்தோடு கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும். அதற்கு ஏற்கெனவே நன்கு வளர்ந்த ஒரு கூட்டம் யாரிடமாவது இருக்க வேண்டும்.

என் முடிவு இதுதான்: காற்று மறைந்த வெயில் முற்றமும் கோடையிலும் வற்றாத நன்னீர்க் கிணறும் உள்ளவருக்குப் பாப்பிரஸ். மற்ற எல்லோருக்கும் குடைக்கோரை. வெள்ளைக் கோடு போட்ட குடைக்கோரை வகையும் கிடைக்கும். அதில் இடையிடையே முழுப் பச்சைத் தண்டு கிளம்பும். அதை உடனே அடியோடு எடுக்காவிட்டால் பச்சை மேலோங்கி வெள்ளை மறைந்துவிடும்.

சிறிய தொட்டிக்காரர்களுக்கு

பாப்பிரஸ் ஆசை விடவில்லை, இடமோ சின்னது என்றால் குட்டைப் பாப்பிரஸ் உண்டு. அது பெரியதன் குட்டி வடிவம் அல்ல, சைப்பரஸ் புரொலிபர் என்ற தனி இனம். இரண்டு அடிக்கு மேல் பெரிதாக வளராது; இழைப்பந்து அதேபோல் அழகு. மதிலுக்குக் கீழேயே நின்றுவிடுவதால் கச்சான் அதை அதிகம் தீண்டாது. முதிர்ந்த தலை தண்ணீரில் சாய்ந்தால் அங்கேயே குட்டிச் செடி முளைக்கும். 4 அங்குலத்துக்கு மேல் நீர் வேண்டாம்.

அதற்குப் போட்டி ஸ்டார் கிராஸ் என்று விற்கப்படும் ரின்கோஸ்போரா. பூ என்று நாம் பார்ப்பது உண்மையில் பூவடி ஓலைகள்: அடிப்பாகம் தூய வெள்ளை, நுனி பச்சை, நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். கோரைகளில் பெரும்பாலானவை காற்றில் மகரந்தம் பரப்புபவை. இது பூச்சிகளை அழைக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையோரத்து ஈர மணலிலிருந்து வந்ததால் நம் கரையோரத்துக்கு அதிகம் அந்நியமில்லை. ஆழ நீரில் வைக்காதீர்கள். சேற்றுத் தோட்டத்தின் விளிம்பே அதற்குரிய இடம். இந்த இரண்டில் தொட்டிக்குக் குட்டைப் பாப்பிரஸ், சேற்றுக்கு ஸ்டார் கிராஸ்.

பன்னை ஏன் யாரும் கேட்பதில்லை?

கடையில் கிடைக்காத ஒரு போட்டியாளர் இருக்கிறது. தம்பலகாமத்து வாய்க்கால் ஓரங்களிலும், குளத்து அலைகரைகளிலும், மூதூர்ப் பக்கத்துச் சதுப்புகளிலும் நிற்கிற நம் கோரைகள். பாய் இழைக்க எடுக்கும் பன் என்பது ஒரே இனமல்ல; பல கோரைகளுக்கு அந்தப் பெயர் உண்டு. அவற்றுள் சைப்பரஸ் பேங்கொரெய் என்ற பாய்க்கோரையைத்தான் நான் வீட்டுத் தோட்டத்துக்குச் சொல்வேன். பத்தமடைப் பாய்க்கும் அதே கோரைதான். மெலிந்து நிமிர்ந்த மூன்று விளிம்புத் தண்டுகள், உச்சியில் அளவான ஓலையும் பொன்பழுப்புக் கதிரும். குடைக்கோரைபோல் விரிந்து இடம் அடைக்காது, நேர்கோட்டில் எழும்பும். அல்லிக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றால் போதும், தொட்டி ஒரு சின்னக் குளமாகவே தோன்றும்.

கச்சானும் வாடையும் பன்னுக்குப் புதிதல்ல. மாரியில் முழங்கால் வெள்ளமும் கோடையில் வெடித்த சேறும் அதற்குப் பழக்கம். ஓலை காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். வெட்டிய தண்டும் வீணாகாது, பாய் இழைக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால்.

இதற்கு எதிராகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வயல்காரர்கள் கோரையை நட்டு வளர்ப்பதைப் பார்த்து முகம் சுளிப்பது நியாயம்தான். சைப்பரஸ் இரியா, சைப்பரஸ் டிபார்மிஸ் போன்றவை நெல்லுக்குள் பெரும் களைகள். முத்தக்காசு என்று வைத்தியத்துக்கு எடுக்கும் கோரைக்கிழங்கோ, வளவில் ஒருமுறை புகுந்தால் சங்கிலிபோல் கிழங்கு விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பன்னை வாய்க்காலிலிருந்து மண்ணோடு பெயர்த்து வந்தால் இவையும் கூடவே வரும். ஆகவே நிலத்துக்குரியவரிடம் கேட்டு, ஒரு சிறு பிடி எடுத்து, வேரை ஓடுநீரில் மண் போகக் கழுவி, கருமணி போன்ற சின்னக் கிழங்குகள் ஒட்டியிருந்தால் கிள்ளி எறிந்து, முதல் சில வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டு நடுங்கள்.

தொட்டியா, சேறா?

செடியைவிட இது முக்கியம் என்று சில நேரம் எனக்குத் தோன்றும். மணல் தரையில் கிடங்கு வெட்டி நீர் நிறைத்தால் மாலைக்குள் வற்றிவிடும். கிணற்று வளையம் ஒன்றை வைத்து அடியைச் சீமெந்தால் மூடுவது மலிவான தொட்டி. புதுச் சீமெந்தில் சுண்ணாம்பு கசியும் என்பதால் சில தடவை நீர் மாற்றிய பிறகே செடி வைக்க வேண்டும். கோரையை நேரே அடியில் நடாமல் அகன்ற சட்டியில் நட்டு இறக்குங்கள். வயல்மண் அல்லது களிமண், மேலே ஒரு படை குருணிக்கல், அவ்வளவுதான். கூட்டெருவைப் போட்டால் மிதக்கும், நீர் பாசி பிடித்துப் பச்சையாகும்.

சேற்றுத் தோட்டத்துக்கு ஒன்றரை அடி ஆழம் போதும். தடித்த பொலித்தீன் விரித்து, அதில் ஆங்காங்கே சிறு துளைகள் இட்டு, வயற்சேற்றை நிரப்ப வேண்டும். துளை எதற்கு என்று கேட்பார்கள். கரையோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கும். அந்த நீரைத் திரும்பத் திரும்ப ஊற்ற, நீர் மட்டும் ஆவியாகி உப்பு தங்கும். துளை வழியே மாரி மழை அந்த உப்பைக் கழுவி இறக்கும். தொட்டியில் அந்த வழி இல்லை. அங்கே வெறுமனே மேலே ஊற்றிக்கொண்டிருக்காமல் அவ்வப்போது கால்வாசி நீரை அள்ளித் தென்னைக்கு விட்டுவிட்டுப் புதுநீர் நிரப்ப வேண்டும்.

நுளம்பு விஷயத்திலும் சேறு முந்துகிறது. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. நுளம்பின் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பறக்கிற நுளம்பாகிவிடும். திறந்த நீர் இல்லாத சேற்றில் அதற்கு இடம் குறைவு. மாரியில் மேலே தேங்கினால் வடித்துவிட வேண்டும். தொட்டி என்றால் கப்பி மீன் கட்டாயம். கோரைத் தண்டுகள் நெருங்கி மீன் நுழைய முடியாத அளவுக்கு விடாமல், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூட்டத்தைப் பிரித்துப் பாதியை எடுத்துவிடுங்கள்.

எடுத்ததை எங்கே போடுவது? வாய்க்காலில் அல்ல, குளத்தில் அல்ல, களப்பில் நிச்சயமாக அல்ல. ஊதாப் பூ அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆற்றுவாழை இலங்கை நீர்நிலைகளை அடைத்ததால் 1909இலேயே அதற்கென்று தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. இன்றும் அதை அள்ளி முடியவில்லை. பாப்பிரஸும் குடைக்கோரையும் வேறு வெப்ப நாடுகளில் தோட்டம் தாண்டி ஓடியிருக்கின்றன. கிழங்கை வெயிலில் நன்றாகக் காயவைத்து எரியுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள். குடைக்கோரைத் தலைகளை ஈரக் குப்பையில் வீசாதீர்கள், அங்கேயே வேர்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே குளத்தையோ வாய்க்காலையோ ஒட்டிய வளவு உள்ளவருக்கு நான் வெளிநாட்டுக் கோரை எதையும் சொல்வதில்லை, பன் மட்டும்தான்.

நடுவதற்கு நல்ல காலம் தை கடைசி, மாசி. பெருமழை ஓய்ந்திருக்கும், கிணற்றில் நீர் இருக்கும், கச்சான் வருவதற்குள் மூன்று மாதமாவது வேர் பிடிக்கக் கிடைக்கும். முதல் கோடைக்கு மட்டும் தென்மேற்குப் பக்கம் ஒரு கிடுகு வேலி கட்டிக் கொடுங்கள்.