கொடுவாவின் பயணம்: செதிலா, காதுக்கல்லா?

ஒரு கொடுவா மீன் ஆற்றில் வளர்ந்ததா, கடலிலேயே கிடந்ததா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று தலைக்குள் இருக்கும் காதுக்கல், மற்றது செதில். என் ஆய்வுக்கு நான் செதிலைத்தான் எடுத்தேன். இன்றும் என் ஓட்டு அதற்கே.

அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் இருக்கிறது. பெரும்பாலான ஆறுகளில் மிகக் குறைவு. பேரியம் என்ற தனிமம் இதற்கு நேர்மாறு. இந்த இரண்டு தனிமங்களும் கால்சியத்தின் இடத்தில் போய் ஒட்டிக்கொள்வதால், மீன் வளர வளரக் காதுக்கல்லிலும் செதிலிலும் உருவாகும் வளையங்களை லேசரால் சுரண்டி அளந்தால் மீன் எந்த வயதில் எந்தத் தண்ணீரில் இருந்தது என்று தெரியும்.

துல்லியத்தில் காதுக்கல்தான் முந்தும். முட்டைக்குள் இருக்கும்போதே உருவாகிவிடும், படிந்தது பிறகு கரையாது. செதிலோ குஞ்சு கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் முளைக்கும்.

அப்புறம் ஏன் செதில்? காதுக்கல்லை எடுக்க மீனைக் கொல்ல வேண்டும். கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். அதனால் பெரிய மீன் என்றால் அநேகமாகப் பெண், லட்சக்கணக்கில் முட்டையிடக்கூடியது. நீண்ட பயணக் கதையும் அதனிடம்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளவென்று முட்டையிடும் மீனையே வெட்ட எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலுள்ள ஜோகூர் நீரிணையில் தூண்டில் போடும் நண்பர்கள் நாலைந்து செதிலை எடுத்துக்கொண்டு மீனை விட்டுவிடுகிறார்கள். அடையாளம் கட்டி விட்டால், அதே மீன் மறுபடி மாட்டும்போது கதையின் அடுத்த பகுதியும் கிடைக்கும். சந்தையிலும் செதில்தான் சுலபம். மீன்தலைக்கறிக்குப் பேர்போன ஊர் எங்கள் சிங்கப்பூர். தலையைப் பிளக்கச் சொன்னால் தேக்கா சந்தை மீன்காரர் முகம் சுளிப்பார், செதிலைக் கேட்டால் அள்ளிக் கொடுப்பார்.

செதிலில் இரண்டு சிக்கல். உதிர்ந்து மறுபடி முளைத்த செதிலில் நடுவே வளையங்கள் இருக்காது, இளமைக் கதை போய்விடும். நுண்ணோக்கியில் பார்த்தவுடன் அப்படிப்பட்டதை ஒதுக்கிவிடலாம். இன்னொன்று, செதில் அடிப்புறமாகவும் தடித்துக்கொண்டே போகும். லேசர் ஆழமாக இறங்கினால் பிந்தைய காலத்துப் படிவும் கலந்துவிடும். மேலோட்டமாகச் சுரண்டுவதே என் வழக்கம். நான் அதிகம் பார்த்தவை இரண்டு, மூன்று கிலோ மீன்கள். பெரிய மீன்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அவற்றில் இந்தக் கலப்பு எவ்வளவு என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

குஞ்சுப் பருவம்தான் உங்கள் கேள்வி என்றால் காதுக்கல்லுக்கே போங்கள். மற்றபடி செதிலை எப்போதும் உடம்பின் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். காகித உறையில் உலர்த்தி, தேதியும் மீனின் நீளமும் எழுதி வையுங்கள்.