கந்தப்பளை ஒசரத்துல ஒரு மல்டிமீடியா ப்ரொஜெக்டர்: மூணு வருஷ அனுபவம், முக்காவாசி அதுக்குள்ள சுத்துற பேன் (காத்தாடி) பத்தின பொலம்பல்

ப்ரொஜெக்டர் மெனுவுக்குள்ள தேடிப்போனா 'ஹை ஆல்டிடியூட் மோட்'னு ஒண்ணு இருக்கும், கொழும்புல கண்டியில வச்சிருக்கிறவங்க அத தொட்டே பார்த்திருக்க மாட்டாங்க, தேவையும் இல்ல. 1500 மீட்டருக்கு மேல பாவிக்கிறதா இருந்தா அத ஓன் பண்ணிட்டுத்தான் ஓட்டணும்னு எங்க ஸ்கூல் மெஷினோட புக்குல போட்டிருக்கு. நுவரெலியா டவுனே 1868 மீட்டர். நாங்க கந்தப்பளைப் பக்கம், கிட்டத்தட்ட அதே ஒசரம். இந்த ஒசரத்துல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தவிட அஞ்சுல ஒரு பங்கு கிட்ட கொறைவு, காத்து மெலிசா இருந்தா பல்ப் சூட்ட இழுத்துட்டுப் போக ஆளில்ல, அதனால பேன் இன்னும் வேகமா சுத்தியாகணும். சயன்ஸ் மாஸ்டர்ங்கிறதால விளக்கமெல்லாம் நல்லாத்தான் குடுக்கிறேன், ஆனா அந்தச் சாமான் பக்கத்துல நின்னு ஒரு பாடவேளை முழுக்க தொண்டை கிழிய கத்திப் பாருங்க அப்ப தெரியும். இஸ்டோருல (தேயிலை பெக்டரி) கொழுந்து வாட்டுற மாடிக்கு ஏறுனா ஒரு இரைச்சல் கேக்குமே, அதோட சின்னத் தம்பி இது.

அதுவும் எங்க கட்டடம் இருக்கே, பழைய சீடா கட்டடம் (சுவீடன்காரங்க உதவியில கட்டுனது), நீளமா ஒரே ஹோல், நடுவுல பலகைத் தட்டி, தட்டிக்கு அந்தப்பக்கம் தரம் 7 கணக்குப் பாடம், இந்தப்பக்கம் என்னோட தரம் 10. மல்டிமீடியா ஓடுதுன்னா அந்தப்பக்க மிஸ் தட்டிய ரெண்டு தட்டு தட்டுவாங்க. நான் என்ன பண்ண, வால்யூம் பட்டனா இருக்கு பேனுக்கு? எக்கோ மோட்ல (கரண்ட் மிச்சம் புடிக்கிற மோட்) போட்டா சத்தம் கொஞ்சம் கொறையுது, வெளிச்சமும் கொறையுது, எங்க ஜன்னலுக்கு கர்ட்டன் கெடையாது, வெயில் அடிச்சா செவுத்துல ஒண்ணுமே தெரியாது. பனிமூட்டம் எறங்கி வெளிய தேயிலை மலையே மறைஞ்சிருக்கிற நாள்லதான் படம் பிரமாதமா இருக்கும். மழை புடிச்சிட்டா தகரத்துல விழுற சத்தத்துக்கு பேனும் கேக்காது நானும் கேக்கமாட்டேன், கொப்பில எழுதுங்கன்னு சொல்லிட்டு ஒக்காந்துருவேன். மே மாசத்துலருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து, எத்தன நாள் அப்படிப் போகும்னு நீங்களே யோசிச்சிக்கோங்க.

மொடல், லூமன்ஸ் எல்லாம் எழுதல, நெட்டுல கெடக்கு, கம்பனி பேரும் சொல்லல. கொழும்புல வேலை செய்ற பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் குடுத்தாங்க. 2022ல டொலர் 200 சொச்சத்துலருந்து 360க்குப் போனதுக்கு அப்புறம் வாங்குனது, அந்த வெலைக்கு ரெண்டு வருஷம் முந்தி இதவிட பெருசா ஒண்ணு வந்திருக்கும், ஆனா குடுத்த மனசுக்கு கொறை சொல்லக் கூடாது. நான் கொறை சொல்றது பேன மட்டும்தான்.

சரி நல்லதும் சொல்றேன். ஸ்க்ரீன் கெழிஞ்சதுக்கு அப்புறம் வேற வழியில்லாம நேரா கரும்பலகையிலயே அடிக்க ஆரம்பிச்சோம். பாடப்புத்தகம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தோட சைட்ல பிடிஎஃபா சும்மா கெடைக்குது, அதுல உள்ள படத்த வெட்டி எடுத்து பெயின்ட்ல கலர இன்வர்ட் பண்ணிட்டா கருப்புல வெள்ளைக் கோடா வந்துரும், கரும்பலகையில விழுந்தா சோக்குல வரைஞ்ச மாதிரியே இருக்கு. அன்னைக்கு இதயம். ஒரு பொடியன் சும்மா இருக்க முடியாம எந்திரிச்சு வந்து சோக்கு எடுத்து அந்த வெளிச்சக் கோட்டு மேலயே வரைய ஆரம்பிச்சான், நானும் விட்டேன், இன்னொருத்தி வந்து தொகுதிப் பெருநாடிக்கு சிவப்பு சோக்கு போட்டா, நான் ரிமோட்ல பிளாங்க் பட்டன அமுக்குனேன், வெளிச்சம் போயிருச்சு, அவங்க வரைஞ்சது மட்டும் போர்ட்ல நிக்குது. சோணையறை எது இதயவறை எதுன்னு பேர் போடச் சொன்னேன். பாதிப் பேர் அடிபுடி. பேன் அப்பவும் கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு, பிளாங்க் பண்ணாலும் பல்ப் எரியுது இல்லையா, ஆனா கிளாஸ் சத்தத்துல எனக்கே அது கேக்கல.

இதுக்கப்புறம் எனக்கு ஸ்க்ரீனே வேணாம்னு ஆயிருச்சு. மின்சுற்றுப் படம், கண்ணு, பூவோட வெட்டுமுகம், எல்லாம் இப்படித்தான். எங்க புள்ளைங்க படம் வரையப் பயப்படுவாங்க, கை நடுங்கும், அழிச்சு அழிச்சு கொப்பி ஓட்டையாகிரும். வெளிச்சம் கோடு போட்டுக் குடுத்தா தைரியமா வர்றாங்க. ரெண்டு மூணு தடவ போர்ட்ல வரைஞ்ச கையி அப்புறம் கொப்பியில தானா வரையுது. எந்த ஸ்மார்ட் போர்ட் விளம்பரத்துலயும் இத நான் பார்க்கல.

இன்னொண்ணு, போன். பிவிசி பைப்புல ஒரு ஸ்டேண்ட் மாதிரி செஞ்சு போன கவுத்து வச்சு எச்டிஎம்ஐ வயர்ல கனெக்ட் பண்ணிட்டா மேசையில வைக்கிறது எல்லாம் போர்ட் அளவுக்குப் பெருசாத் தெரியும். பங்கசு பாடம் வந்தப்ப பாண்ல பூஞ்சணம் காட்டுறதுக்குப் பதிலா கொப்புள நோய் புடிச்ச கொழுந்து எலை ஒண்ணு கொண்டுவரச் சொன்னேன். மழைக்காலம், அதுக்கா பஞ்சம், கைநெறைய கொண்டு வந்துட்டாங்க. மேல்பக்கம் லேசா பள்ளம், திருப்புனா அடியில வெள்ளையா கொப்புளம், போன் கேமராவுல ஜூம் பண்ணா அந்த வெள்ளைக்கு மாவு தூவுன மாதிரி ஒரு மேற்பரப்பு. அதுதான் வித்தி, அதுதான் காத்துல பறந்து அடுத்த செடிக்குப் போகுதுன்னு சொல்லிட்டு, 1946லதான் இந்த நோய் இலங்கைக்கு வந்துச்சுன்னும் சொன்னேன். கடைசி வாங்குல ஒக்காந்து வருஷம் முழுக்க வாய் தொறக்காத ஒரு புள்ள சொல்லுச்சு, "சேர் முத்துன எலையில இது வராது, கொழுந்துலதான் வரும், எங்கம்மா சொல்லுவாங்க, அந்த மலைக்கு மருந்து அடிச்சா அன்னைக்கு எங்கள வேற மலைக்கு மாத்திருவாங்க"ன்னு. கரெக்ட், இளம் எலையத்தான் அது தாக்கும். புத்தகத்துல இருந்து நான் சொல்ல வேண்டியத அந்தப் புள்ள வீட்டுல இருந்து கொண்டு வந்துருச்சு. அன்னைக்கு மெஷின் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

வீடியோவப் பத்தி ஒரு வரி போதும். போட்டா அமைதியா பார்ப்பாங்க, முடிஞ்சதும் ஒரு கேள்வி கேட்டா அதே அமைதி. பேன் சத்தத்துல மெஷினோட குட்டி ஸ்பீக்கரும் கேக்காது, தனியா ஸ்பீக்கர் போட்டா தட்டிக்கு அந்தப்பக்க மிஸ் வந்துருவாங்க. கொலராடோ பல்கலைக்கழகத்துக்காரங்க இலவசமா விடுற ஃபெட் சிமுலேஷன் (கம்ப்யூட்டர்லயே செய்ற பரிசோதனை) மட்டும் வேற ரகம், அதுக்கு சத்தமே தேவையில்ல, டவுன்லோட் பண்ணி வச்சிட்டா நெட்டும் வேணாம் (எங்க ஸ்கூல்ல சிக்னல் வேணும்னா கொடிக்கம்பத்துக்கிட்ட போய் நிக்கணும்). கலம், ஆளி, மின்குமிழ் எல்லாத்தையும் புள்ளைங்களே மவுஸ்ல இழுத்து மாட்டி, குறுஞ்சுற்று பண்ணி நெருப்பு வர வச்சு சிரிக்கிறாங்க. சிலது தமிழ்லயும் இருக்கு.

இப்ப ரிப்பேர் கதைக்கு வர்றேன், அதுக்குத்தான் இவ்வளவு நீட்டுனது. பெற்றோர் கூட்டத்துக்கு மல்டிமீடியா வேணும்னு ஹோலுக்குக் கொண்டு போனாங்க. மேடையில பேசிக்கிட்டிருந்தவருக்கு பேன் சத்தம் எடைஞ்சல், "அந்தச் சத்தத்த கொஞ்சம் கொறைக்க முடியாதா"ன்னு மைக்குலயே கேட்டுருக்காரு. யாரோ ஒரு புத்திசாலி மெனுவுக்குள்ள போய் ஹை ஆல்டிடியூட் மோட ஓஃப் பண்ணிட்டான். சத்தம் கொறைஞ்சிருச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், யாரும் அத திரும்ப ஓன் பண்ணல, என்கிட்டயும் சொல்லல. நானும் ரெண்டு கிழமையா 'ஆஹா இன்னைக்கு எவ்வளவு அமைதி'ன்னு நெனச்சு பாடம் எடுத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கு மேல சோக்குத் தூள். காத்து உள்ள போற பில்டர்ல சோக்குத் தூள் அடைச்சா காத்து இன்னும் கொறையும், கரும்பலகைக்கு நேர எதிர வச்சா அடைக்காம என்ன செய்யும். ஒரு நாள் நடுப் பாடத்துல டெம்பரேச்சர் லைட் சிவப்பா மின்னி படக்குன்னு நின்னுச்சு. புள்ளைங்க கை தட்டுனாங்க. ஆறவிட்டு ஓன் பண்ணா வந்துச்சு, மறுநாள் மறுபடி, மூணாவது தடவ பல்ப்பே போயிருச்சு, படத்தோட ஒரு மூலையில மஞ்சளா ஒரு கறையும் விழுந்துருச்சு.

கண்டிக்கு எடுத்துட்டுப் போனேன், பஸ்ஸுல மடியில வச்சிக்கிட்டு. கடைக்காரர் பில்டரக் கழட்டிப் பார்த்துட்டு கேட்ட மொதல் கேள்வி, "எந்த ஊரு சேர்?" சொன்னதும் தலைய ஆட்டுனாரு. கறை போகாதாம், உள்ள பேனல் பக்கத்துல இருக்கிற பில்ம் சூட்டுல கருகிப்போச்சாம், அத மாத்துறதுக்கு புது மெஷின் வாங்கலாமாம். பல்ப் ஒரிஜினல் போட்டா முப்பதாயிரத்துக்குக் கிட்ட, மத்தது பாதிக்கும் கீழ ஆனா கேரண்டி இல்ல. ஒரிஜினல் போட்டாச்சு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துல கொஞ்சம், என் பொக்கட்டுல மிச்சம். வாங்கித் தர நாலு பேர் வருவாங்க, பல்ப் மாத்த ஒருத்தரும் வரமாட்டாங்க, ரிப்பேருக்குன்னு திறப்பு விழா வைக்க முடியாதில்ல.

கரண்ட் வேற. 2022ல 13 மணித்தியாலம் வெட்டுன காலம் போயிருச்சு, ஆனா எங்க லைன்ல மரக்கிளை விழுந்தாலே போதும். படம் ஓடிக்கிட்டிருக்கிறப்ப கரண்ட் போனா பேனும் சேர்ந்து நிக்கும், பல்ப் கொதிச்சபடி உள்ள கெடக்கும், அதுக்கு நல்லதில்ல. ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தா ஆறவிட்டு ஓஃப் பண்ற அளவுக்குத் தாங்கும். மல்டிமீடியா லிஸ்ட்ல யூபிஎஸ்ஸயும் சேர்த்துக் கேளுங்க, அப்புறமா கேட்டா கெடைக்காது.

நேத்து பசறையில படிப்பிக்கிற கூட்டாளி ஒருத்தன் வாட்ஸப்புல, "மச்சான் எங்களுக்கும் மல்டிமீடியா ஒண்ணு தர்றாங்களாம், இல்லேன்னா பெரிய டிவி, எத எடுக்கலாம்"ன்னு கேட்டான். மேல எழுதுனதப் படிச்சா மல்டிமீடியான்னுதான் சொல்லணும், டிவில சோக்கு வச்சு வரைய முடியாது, ஹோல்ல கடைசி வாங்குக்குத் தெரியாது, பொடியன் எவனாவது டஸ்டர எறிஞ்சா கதை முடிஞ்சுது. அவன் ஊரு 1500 மீட்டருக்குக் கீழ, அந்தப் பேன் தொல்லையும் அவனுக்கு இல்ல. இருந்தும் நான் எழுதி அனுப்புனது "டிவி எடு". பில்லு இன்னும் பொக்கட்டுல இருக்கு, இன்னைக்கு என்கிட்ட இதுதான் வரும். போன மாசம் கேட்டிருந்தா, அந்தக் கொழுந்து எலை கிளாஸ் முடிஞ்ச அன்னைக்குக் கேட்டிருந்தா, தோட்டத்து ஸ்கூல் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு வேணும்னு பக்கம் பக்கமா எழுதியிருப்பேன். அஞ்சுக்கு எத்தன ஸ்டார்னு கேட்டா படத்துக்கு அஞ்சு, பேனுக்கு பூச்சியம், மொத்தம் ரெண்டு. கணக்கு சரியில்லதான், தெரியும்.

நுவரெலியா, கந்தப்பளை, இராகலை பக்கம் யாராச்சும் வாங்கப் போறீங்கன்னா லேசர் லைட் மொடலா பாருங்க, பல்ப் மாத்துற தொல்லை இல்ல, வெலை கூட. கடையில வச்சே ஹை ஆல்டிடியூட் மோட ஓன் பண்ணச் சொல்லி பக்கத்துல நின்னு காது குடுத்துக் கேளுங்க, ஏசி ரூம்ல அத சாதாரண மோட்ல போட்டுக் காட்டி ஏமாத்துவாங்க. பில்டர மாசத்துக்கு ரெண்டு தடவயாவது கழட்டி ஊதணும், வெளிய போய் ஊதுங்க, கிளாஸுக்குள்ள ஊதுனா திரும்ப அதுக்குள்ளயேதான் போகும்.

திங்கக்கிழமை ரெண்டாம் பாடத்துக்கு தரம் 9 மாஸ்டர் மெஷின கடன் கேட்டிருக்காரு. குடுப்பேன். மெனு பட்டன் மேல பிளாஸ்டர் ஒட்டி 'சத்தம் கேட்டா கேக்கட்டும், தொடாதீங்க'ன்னு மார்க்கர்ல எழுதி வச்சாச்சு, ரிமோட் என் பேக்குல.