மூணு பேர், ஒரு வீடு: ஒப்பந்தத்தில் யார் பெயர்?

சென்னையில் மூன்று பேர் சேர்ந்து மாதம் 24,000 ரூபாய்க்கு ஒரு வீடு பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 72,000. தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும், வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸுக்கு எல்லையாக வைக்கிறது. அடுத்த கேள்வி, ஒப்பந்தம் யார் பெயரில் என்பது.

பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் போடுகிறார்கள். வீட்டுக்காரருக்கு ஒரே ஆளிடம் பேசினால் போதும், வேலை சீக்கிரம் முடிகிறது. கெட்டுப்போவது பிறகுதான். மற்ற இருவரும் பங்கு தராவிட்டாலும் முழு வாடகைக்கும் கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு. மற்ற இருவர் நிலைமை இன்னும் மோசம்: அவர் காலி செய்தால் இவர்கள் அங்கே இருக்க எந்தக் காகிதமும் இல்லை, அட்வான்ஸும் அவர் கைக்கே திரும்பும். எழுத்தில் சம்மதம் வாங்காமல் உள்வாடகைக்கு விடுவதை 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் தடுக்கிறது. காலி செய்யச் சொல்ல அது ஒரு காரணமாகவும் ஆகும். கூட இருப்பவர்கள் தரும் பங்கை உள்வாடகை என்று வீட்டுக்காரர் வாதாட நாமே வழிவிடக் கூடாது. இந்த வழியில்தான் போவதென்றால், மூவர் பெயரையும் எழுதி "இவர்கள் குடியிருக்கச் சம்மதம்" என்று அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் பங்கை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

ஆளுக்கொரு ஒப்பந்தம் என்றால் அவரவர் 8,000 ரூபாய்க்கு மட்டும் அவரவர் பொறுப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருவர் போனால் அடுத்து யார் வருவது என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்வார். ஹால், சமையலறை, குளியலறை பொது என்று ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுதாவிட்டால் சண்டை அங்கேதான் தொடங்கும். ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

நண்பர்களுக்கு மூவர் பெயரும் உள்ள ஒரே ஒப்பந்தம்தான் சரி. மூவருக்கும் சம உரிமை, ரசீதும் அவரவர் பெயரில் கேட்கலாம். பழைய வருமான வரிமுறையில் எச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி) கழிவு கோருபவருக்கு அந்த ரசீது தேவைப்படும். ஆளுக்கு வருடம் 96,000 என்பதால், வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் கேட்கப்படும் வீட்டுக்காரரின் பான் எண்ணும் தேவையில்லை.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். கட்டியவர் மற்றவர்களிடம் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நடுவில் வெளியேறுபவர் சாவியைக் கொடுத்ததும் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிறார். அவர் பெயரை நீக்கி, வருபவர் பெயரைச் சேர்த்து, வீட்டுக்காரரும் கையெழுத்திட்ட புதிய ஒப்பந்தம் வரும்வரை அது தீராது.

அதனால் மூவருக்குள் தனியாக ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்: பங்கு எவ்வளவு, வெளியேற எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், 24,000 அட்வான்ஸ் பங்கைப் புதிதாக வருபவர் தருவாரா, பெயிண்டிங் செலவு யாருக்கு. ஏசி உள்ள அறைக்காரர் கரண்டு பில்லில் கூடுதலாகத் தர வேண்டும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படியின் (குறைந்த யூனிட்டுகளுக்கான) சலுகை விலையும் போய்விடுகிறது, அந்தச் சுமை மற்றவர்கள் தலையிலும் விழும்.

பதினோரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவே வேண்டாம் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கணக்கு. தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு, அதற்கு 11 மாதம் விலக்கு ஆகாது. கடைசியாக ஒன்று: கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அதனால் யாராவது வெளியேறும் அன்று மீட்டரைப் படமெடுத்து மூவருக்கும் அனுப்பிவிடுங்கள்.